11 வயசு பூனைக்கு தோள்பட்டை நடுவுல கட்டி, வெயிட் பண்ணலாமா உடனே எடுக்கணுமா?

குடந்தை_பூனை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு சின்னிக்கு 11 வயசு ஆகுது, நாட்டுப் பூனைதான், சின்னதுலயே கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு. பொங்கல் சமயத்துல முதுக தடவிட்டு இருக்கும்போது ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல தோலுக்கு அடியில ஏதோ தட்டுப்பட்டுச்சு, அப்போ புளியங்கொட்டை அளவுதான் இருந்துச்சு, இப்போ சித்திரை பொறந்தாச்சு, ஸ்கேல் வச்சு பார்த்தா 2 செ.மீ.க்கு மேலயே இருக்கு. தொட்டா கத்தல, சூடா இல்ல, முடி கொட்டல, புண்ணும் இல்ல. நல்லா சாப்பிடுறா ஆனா தண்ணி முன்னவிட அதிகமா குடிக்கிற மாதிரி தோணுது.

ஒரு டாக்டர் கைய வச்சு பார்த்துட்டு கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும் விட்டுடுங்கன்னார். இன்னொருத்தர் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க கீறி எடுத்துடலாம்னார். அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சு பத்து போட சொல்றாங்க. யார் சொல்றத கேக்கறதுன்னே தெரியல, ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. இந்த வயசுல மயக்க ஊசி தாங்குவாளா?

மீனுக்குட்டி_அம்மா:
மொதல்ல அந்த சுண்ணாம்பு வேணாம் சிஸ்டர். மனுஷங்க கட்டிக்கு போடறது வேற, பூனை உடம்புல எத தடவினாலும் அது நக்கத்தான் செய்யும், சுண்ணாம்பு நாக்கையும் தொண்டையையும் வேக வச்சிடும். முதுகுல நாக்கு எட்டாதுன்னு நினைக்காதீங்க, கால்ல தேய்ச்சு கால நக்கும். அதே மாதிரி வலிக்குதோன்னு பாவப்பட்டு பாரசிட்டமால் மட்டும் கொடுத்துடாதீங்க, அரை மாத்திரைகூட பூனை உயிர எடுத்துடும், அத உடைக்கற சக்தி பூனையோட ஈரலுக்கு கிடையாது.

எங்க கடுவனுக்கு வந்தது வேற, சண்டை போட்டுட்டு வந்து ரெண்டு மூணு நாள்ல கன்னத்துல சுடச்சுட வீங்கிடுச்சு, தொட்டா கடிக்க வரும், சோறும் தொடல, அது பல்லு பட்டு சீழ் புடிச்ச கட்டி. டாக்டர் கீறி சீழ எடுத்து ஆன்டிபயாடிக் கொடுத்ததும் சரியாயிடுச்சு. உங்களோடது வலியில்லாம மாசக்கணக்கா மெதுவா வளருதுன்னா அந்த வகை இல்லன்னுதான் எனக்கு படுது.

கால்நடை_மாணவன்:
அக்கா நான் வெட்னரி ஃபைனல் இயர் படிக்கிறேன், டாக்டர் இல்ல, அதனால இத வச்சு முடிவு எடுக்காதீங்க, கேக்க வேண்டியத கேட்டுக்கங்க. ஒரு கேள்வி: அந்த இடத்துல இதுக்கு முன்ன ஏதாவது ஊசி போட்டிருக்காங்களா?

குடந்தை_பூனை:
ஆமா தம்பி, தீபாவளி முடிஞ்ச கையோட ரேபிஸ் ஊசி போட்டோம், பிடரிய தூக்கி பிடிச்சு அங்கதான் போட்டாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

கால்நடை_மாணவன்:
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதான் டெஸ்ட் பண்ணாம விடக்கூடாதுங்கறேன். ஊசி போட்ட இடத்துல சின்னதா ஒரு உருண்டை வர்றது சகஜம், பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல தானா கரைஞ்சிடும். கரையாததுக்கு எங்க பாடத்துல 3-2-1னு ஒரு கணக்கு இருக்கு: ஊசி போட்டு 3 மாசம் தாண்டியும் கட்டி இருந்தாலோ, 2 செ.மீ.க்கு மேல போனாலோ, ஊசி போட்டு 1 மாசத்துக்கு அப்புறமும் வளர்ந்துட்டே இருந்தாலோ, இதுல ஒண்ணு இருந்தாலே பயாப்சி, அதாவது கட்டியிலேருந்து துண்டு எடுத்து லேப்ல பார்க்கற டெஸ்ட், பண்ணணும். நீங்க சொல்றத பார்த்தா மூணுமே பொருந்துது.

ஊசி போட்ட இடத்துல வர்ற சார்கோமான்னு ஒரு புற்று பூனைக்கு உண்டு, 1991-ல அமெரிக்காவுலதான் மொதல்ல இத கவனிச்சு எழுதினாங்க. ரொம்ப அபூர்வம், 10,000 பூனைக்கு ஒண்ணுங்கற மாதிரிதான் வழக்கமா சொல்றது, அதனால யாரும் இத படிச்சுட்டு ரேபிஸ் ஊசிய நிறுத்திடாதீங்க, நம்ம ஊர்ல அது உயிர் காக்கற விஷயம். அடுத்த தடவை பின்னங்கால்ல கீழ தள்ளி போட சொல்லுங்க, அது போதும்.

இப்ப முக்கியமானது என்னன்னா ஞாயித்துக்கிழமை அவசரப்பட்டு கட்டிய மட்டும் சுரண்டி எடுக்க விடாதீங்க. இந்த வகையா இருந்தா வெளிய உருண்டையா தெரிஞ்சாலும் உள்ள வேர் மாதிரி ஓடியிருக்கும், சுத்தி 3-லேருந்து 5 செ.மீ. நல்ல சதையும் சேர்த்து, அடியில இருக்கற தசை அடுக்கோட எடுத்தாதான் பலன், மொத ஆபரேஷன்தான் நல்ல சான்ஸ், அரைகுறையா எடுத்தா திரும்ப வளரும். அதனால மொதல்ல சின்ன ஊசியால உறிஞ்சி ஸ்லைடுல பார்ப்பாங்க, எஃப்என்ஏசி, மயக்கம்கூட தேவைப்படாது. அதுல தெளிவா தெரியலன்னா கட்டியிலேருந்து ஒரு துண்டு மட்டும் எடுத்து பயாப்சி. கொழுப்புக் கட்டி நாய்க்கு வர்ற அளவுக்கு பூனைக்கு சாதாரணமா வராது, கைய வச்சு பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ரிசல்ட் வர்றதுக்கு முன்ன ஸ்டீராய்டும் வேணாம், சில கட்டிங்கள அது மறைச்சிடும்.

அப்படியே வயித்துப் பக்கம் எட்டு காம்பையும் தடவி பாருங்க அக்கா. பூனைக்கு மடியில வர்ற கட்டி நூத்துல எம்பத்தஞ்சுக்கு மேல கெட்டதாத்தான் இருக்கும், 2 செ.மீ.க்குள்ள பிடிச்சா நிலைமை எவ்வளவோ மேல.

வேப்பேரி_ரெகுலர்:
மயக்க ஊசி பத்தி கேட்டீங்களே. எங்க பூனைக்கு 13 வயசுல தலையில கட்டி எடுத்தோம், சென்னை வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரியில, ஊசி டெஸ்ட்ல மாஸ்ட் செல் கட்டின்னு, தோல்ல வர்ற ஒரு வகை கட்டி, வந்துச்சு, எடுத்த அப்புறம் நல்லாத்தான் இருக்கு. வயச விட கிட்னிதான் விஷயம். தண்ணி அதிகம் குடிக்கிறான்னு சொல்றீங்க, அத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, ரத்தத்துல கிட்னிக்கான கிரியேட்டினின், சுகர் எல்லாம் பார்த்துட்டு, நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துட்டுதான் மயக்கத்துக்கு போகணும். கட்டிய அடிக்கடி அமுக்கி அமுக்கி பார்க்காதீங்க, வாரம் ஒரு நாள் அளந்து தேதியோட எழுதி வச்சு ஃபோட்டோவும் எடுத்துக்கங்க, டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

குடந்தை_பூனை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமைய கேன்சல் பண்ணிட்டேன், அம்மாவும் சுண்ணாம்ப எடுத்து வச்சிட்டாங்க. காம்பு பக்கம் ஒண்ணும் தட்டுப்படல. திங்கக்கிழமை ஒரத்தநாடு வெட்னரி காலேஜ் போலாம்னு இருக்கோம். கேரியர் இல்ல, பஸ்ல எப்படி கூட்டிட்டு போறதுன்னுதான் யோசனை, கத்தி ஊரக் கூட்டுவா.

மீனுக்குட்டி_அம்மா:
ஒரே சைஸ்ல ரெண்டு பிளாஸ்டிக் கூடை வாங்கி ஒண்ணு மேல ஒண்ண கவுத்து கயித்தால நாலு பக்கமும் இறுக்கி கட்டிடுங்க, உள்ள உங்க பழைய சேலை, மேல ஒரு துணி மூடினா இருட்டுல அடங்கிடும். ரேபிஸ் ஊசி போட்ட அட்டைய மறக்காதீங்க, தேதி கேப்பாங்க. காலங்காத்தால கிளம்புங்க, வெயில் ஏறிட்டா அவளுக்கு மூச்சு வாங்கும். ரிசல்ட் வந்ததும் இங்கயே போடுங்க சிஸ்டர்.