பி.டெக்ல நியூரோசயின்ஸ் மைனர் எடுக்கலாமா? வீட்டுல ஒரே சண்டை

ரெண்டாவது_பெஞ்ச்:
வணக்கம் மக்களே. நான் பி.டெக் சிஎஸ்இ ரெண்டாம் வருஷம், ஈரோடு பக்கம் ஒரு தன்னாட்சி காலேஜ். மேஜருக்கு மேல 18 கிரெடிட் சேர்த்து படிச்சா டிகிரில மைனர்னு போட்டுத் தருவாங்க. இந்த வருஷம் புதுசா நியூரோசயின்ஸ் (மூளை, நரம்பு பத்தின படிப்பு) மைனர் வந்திருக்கு, பயோடெக், இசிஇ, சிஎஸ்இ, அப்புறம் சைக்காலஜி எடுக்கிற ஒரு மேடம்னு எல்லாரும் சேர்ந்து நடத்துறாங்களாம். அப்பா "எல்லாரும் எடுக்கிற டேட்டா சயின்ஸையே எடு"ங்கிறார். சித்தி என்னடான்னா "அப்ப நரம்பு டாக்டர் ஆயிடலாமா"னு கேட்டாங்க, இல்ல சித்தி அதுக்கு எம்பிபிஎஸ் படிக்கணும்னு சொன்னதும் அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் போயிடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபார்ம் குடுக்கணும். எடுத்தவங்க, எடுத்துட்டு நொந்தவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க.

நோட்டீஸ்_பீரியட்:
தம்பி, நேரா சொல்லிடறேன், எடுக்காத. ஏழு வருஷமா ஐடில இருக்கேன், கேம்பஸ் இன்டர்வியூ எடுக்கவும் போயிருக்கேன். ஒரு நாளைக்கு நாப்பது பேர பாக்குறப்ப ரெஸ்யூம்ல மைனர் என்னனு எவனும் தேடிப் படிக்க மாட்டான், ரெண்டு கேள்வி கோடிங், ஒரு கேள்வி ப்ராஜெக்ட், அவ்ளோதான். 18 கிரெடிட்னா குறைஞ்சது அஞ்சு பேப்பர், சனிக்கிழமை எல்லாம் போயிடும். அப்புறம் "நியூரல் நெட்வொர்க்"னு ஏஐ மாடலுக்கு பேர் இருக்கிறதால மூளைய படிச்சா ஏஐ சூப்பரா வரும்னு எவனாச்சும் சொல்லுவான் பாரு, அது வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு வரும்னு பாட்டி சொன்ன மாதிரிதான்.

ரெண்டாவது_பெஞ்ச்:
தம்பி இல்லண்ணா, தங்கச்சி :)

நரம்புத்தளர்ச்சி:
(பேர பாத்து பயப்படாதீங்க, பெங்களூர்ல பிஎச்டி நாலாவது வருஷம்.) வெண்டைக்காய் நல்லாத்தான் இருக்கு, ஆனா வரலாறு அப்படி நடக்கலையே நண்பா. 1943ல செயற்கை நியூரானுக்கு முதல் கணக்கு எழுதின ரெண்டு பேர்ல மெக்கல்லக் நரம்பியல் ஆளு, பிட்ஸ் லாஜிக் போட்ட பையன். 1958ல பெர்செப்ட்ரான்ங்கிற, தானா கத்துக்கிற ஆரம்பகால நெட்வொர்க்க கொண்டு வந்த ரோசன்பிளாட் சைக்காலஜிஸ்ட். 2024ல பிசிக்ஸ் நோபல் வாங்கின ஹின்டன் கேம்பிரிட்ஜ்ல படிச்சது எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி. சிஎஸ்இக்கு வெளில இருந்து வந்தவங்கதான் உங்க சிலபஸையே எழுதியிருக்காங்க.

நோட்டீஸ்_பீரியட்:
ஹின்டன் என்ன சனிக்கிழமை சனிக்கிழமை மைனரா எடுத்தாரு? முழு டிகிரி முடிச்சு, எடின்பரோல ஏஐல பிஎச்டி பண்ணி, அதுக்கப்புறம் யாருமே சீண்டாத காலத்துல பல வருஷம் அதையே பிடிச்சு தொங்கினாரு. அஞ்சு பேப்பர் படிக்கிற பொண்ணுக்கு அவர உதாரணம் காட்டுறது ரொம்ப ஓவர். இன்னைக்கு ஓடுற மாடல் எல்லாம் பேக்ப்ராப்ல (தப்ப பின்னாடி அனுப்பி திருத்திக்கிற முறை) கத்துக்குது, மூளை அந்த மாதிரி கத்துக்குதுனு உங்க ஃபீல்டுலயே யாரும் நிரூபிக்கல. அத விடுங்க, செத்த சால்மன் மீனை ஸ்கேனர்ல வச்சு மனுஷங்க போட்டோ காட்டி, அதோட மூளை வேலை செய்யுதுனு ரிசல்ட் காமிச்ச சயின்ஸ்தானே இது?

நரம்புத்தளர்ச்சி:
அந்த மீன் கதைய முழுசா சொல்லுங்க சார், பாதில விடாதீங்க. 2009ல அத பண்ணினதே மூளை ஸ்கேன் எடுக்கிற ஆளுங்கதான், கிண்டலுக்கு. எஃப்எம்ஆர்ஐங்கிற அந்த மூளை ஸ்கேன்ல ஒரே நேரத்துல பல்லாயிரம் புள்ளிய டெஸ்ட் பண்றோம், அத்தன டெஸ்ட் போட்டா சும்மாவே சிலது பாஸ் ஆகும், அதுக்கு கரெக்‌ஷன் போடலைன்னா செத்த மீன் கூட யோசிக்கும்னு காட்டினாங்க. கரெக்‌ஷன் போட்டதும் மீன் திரும்ப செத்துப் போச்சு. 2012ல இக் நோபல்ங்கிற கிண்டல் பரிசு கூட குடுத்தாங்க. டேட்டா சயின்ஸ் மைனர்ல சொல்லித் தர்ற அதே பாடம்தான், இங்க கொஞ்சம் கவிச்சி வாடையோட வருது.

சம்பளம் பத்தி மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஜேஆர்எஃப் (பிஎச்டி சேந்ததும் தர்ற உதவித்தொகை) மாசம் 37,000, 2023ல ஏத்தினது. என் கூட பி.இ படிச்சவன் இஎம்ஐயே அதுக்கு மேல கட்டுறான்.

மூணு_அரியர்:
நான் வேற ஒரு காலேஜ்ல இதே மாதிரி மைனர் எடுத்து போன வருஷம் முடிச்சவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் கோச்சுக்காதீங்க. முதல்ல குறை. நாலு டிபார்ட்மென்ட் சேர்ந்து நடத்துதுன்னா யாருமே நடத்தலைனு அர்த்தம். ஆக்‌ஷன் பொட்டன்ஷியல் (நரம்புல ஓடுற மின்துடிப்பு) எனக்கு மூணு தடவ எடுத்தாங்க, பயோடெக்ல சோடியம் பொட்டாசியம் கதையா, இசிஇல ஆர்சி சர்க்யூட்டா, சிஎஸ்இல ஒரு பைத்தான் ஃபைலா. மூணும் ஒரே விஷயம்னு ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்லல, ரெண்டாவது செமஸ்டர் பரீட்சைக்கு முந்துன ராத்திரி எனக்கா உறைச்சுது. அட்டெண்டன்ஸ் போடுறதுக்கு மட்டும் நாலு பேரும் கரெக்டா வந்துடுவாங்க.

ஆனா ஒரு மத்தியானம் நடந்தத மறக்க முடியாது. பயோடெக் மேடம் ஆட்டு மூளை வாங்கிட்டு வாங்கடானு சொன்னாங்க. காலைல ஆறு மணிக்கு நானும் ரூம்மேட்டும் கறிக்கடைக்கு போறோம், கடைக்காரர் பழக்க தோஷத்துல தலைய ஒரே போடு, மூளையும் ரெண்டு துண்டு. வறுவலுக்கு ஓகே, லேபுக்கு ஆகாது. "அண்ணே எங்களுக்கு முழுசா வேணும்"னா மேலயும் கீழயும் பாக்குறார். அடுத்த தலைல மண்டை ஓட்ட சுத்தி சுத்தி தட்டி, தேங்கா மூடி மாதிரி கழட்டி எடுத்துக் குடுத்தார், மனுஷன் சர்ஜன் ஆகியிருக்கணும். லேபுக்கு வந்து பிளேடு வச்சா தயிர் மாதிரி குழையுது. ஃபார்மலின்ல ரெண்டு வாரம் கிடந்தாதான் வெட்ட வருமாம், எங்களுக்கு யார் சொன்னா?

ரெண்டு வாரம் கழிச்சு பன்னீர் மாதிரி கெட்டியா இருந்துச்சு. சிறுமூளைய நடுவுல வெட்டினா உள்ள வெள்ளையா ஒரு மரம், கிளை, கிளைக்குள்ள கிளை. வேடிக்கை பாக்க வந்த சிஎஸ்இ சார் "இதுல மெமரி எங்க இருக்கு"னு ரேம் தேடுற மாதிரி கேட்டார். பயோடெக் மேடம் ஹிப்போகேம்பஸ (ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி) தோண்டி காட்டினாங்க. உடனே சைக்காலஜி மேடம் "அங்கதான் இருக்குனு சொல்லிட முடியாது"னு எச்.எம்.ங்கிற பேஷன்ட் கதைய ஆரம்பிச்சாங்க, 1953ல வலிப்புக்காக ரெண்டு பக்கமும் அத வெட்டி எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் புதுசா பாத்த ஆளு யாரும் அவருக்கு ஞாபகம் நிக்கல, ஆனா கண்ணாடில பாத்துக்கிட்டே நட்சத்திரம் வரையிற பழக்கம் மட்டும் நாளுக்கு நாள் நல்லா வந்துச்சாம், முந்துன நாள் வரைஞ்சதே அவருக்கு தெரியாது. அப்ப மெமரி ஒண்ணா பலதானு மூணு பேரும் எங்கள மறந்துட்டு இருபது நிமிஷம் சண்ட போட்டாங்க. ரெண்டு வருஷத்துல மைனர்னு ஒண்ணு நடந்தது அந்த இருபது நிமிஷம்தான்.

அப்புறம் ஆறு மாசம் வீட்டுல மூளை வறுவல் வச்சா எந்திரிச்சு போயிடுவேன்.

நோட்டீஸ்_பீரியட்:
பாத்தியா, இருபது நிமிஷத்துக்கு 18 கிரெடிட். நான் சொன்னதத்தான் நீயும் சொல்ற ப்ரோ.

மூணு_அரியர்:
இல்ல ப்ரோ, நான் எடுக்காதனு சொல்லல. எனக்கு அரியர் வந்தது மூணும் மேஜர்ல :(

காதுகுத்து:
நான் ஆடியாலஜிஸ்ட் (காது கேக்குறத சோதிச்சு உதவுறவங்க), பேர் ஜோக்குக்கு வச்சது. நீங்க எல்லாம் ஏஐ, பிஎச்டினு ரெண்டு ஊருக்கு மட்டும்தான் பஸ் விடுறீங்க, நடுவுல நிறைய ஸ்டாப் இருக்கு. பிறவிலயே காது கேக்காத குழந்தைக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதுல வச்சு நரம்ப நேரா கரன்ட்ல தூண்டுற கருவி) வைக்கிறோம், நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே சின்ன குழந்தைங்களுக்கு பண்றாங்க. நல்ல காதுல சத்தத்த நரம்புக்கு அனுப்புற உள்வரிசை மயிர்செல் சுமார் 3,500 இருக்கும், நாங்க உள்ள விடுறது 12ல இருந்து 22 எலக்ட்ரோட். அவ்ளோ கம்மிய வச்சு "அம்மா"வுக்கும் "அப்பா"வுக்கும் வித்தியாசம் கேக்கணும். ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் கரன்ட் எவ்ளோனு குழந்தைக்கு குழந்தை மாத்தி மாத்தி செட் பண்ணணும், மேப்பிங்னு சொல்லுவோம். எங்க கிளினிக்குக்கு ப்ராஜெக்ட் பண்ண வந்த ஒரு பையன், கோடிங்ல புலி, "வால்யூம் கூட்டினா போதும்ல மேடம்"னு கேட்டான். கூட்டினா அந்த குழந்தை அழும்பா. ஏன் சின்ன வயசுலயே வைக்கணும், பதினஞ்சு வயசுல வச்சா ஏன் பேச்சு அந்தளவுக்கு வராதுனும் அவனுக்கு புரியல, மூளைல கேக்குற பகுதி சத்தமே வராம எத்தன வருஷம் காத்திருக்கும்? இந்த வேலைக்கு சிக்னல் ப்ராசஸிங்கும் வேணும், நரம்பும் வேணும், குழந்தை எப்படி பேச்சு கத்துக்குதுனும் வேணும். இதுக்குனு தனியா ஒரு டிபார்ட்மென்ட் எந்த இன்ஜினியரிங் காலேஜ்ல இருக்கு சொல்லுங்க.

நோட்டீஸ்_பீரியட்:
மேடம் நீங்க சொல்றது நியாயம், நான் இல்லங்கல. ஆனா அந்த வேலை ஊருக்கு எத்தன? எங்க கம்பெனில ஒரு பேட்ச்ல எடுக்கிற ஆளு கூட வராது.

காதுகுத்து:
வராதுதான். அதுக்குனு யாருமே படிக்க வேணாமா?

நரம்புத்தளர்ச்சி:
தங்கச்சி, காலேஜ்ல ஒண்ணே ஒண்ணு கேளுங்க, கடைசில ப்ராஜெக்ட் இருக்கா, அதுக்கு ரெண்டு டிபார்ட்மென்ட் கைடு குடுப்பாங்களானு. அது இல்லைன்னா மூணு_அரியர் சொன்னதுதான் நடக்கும், நுனிப்புல் மேஞ்சுட்டு வருவீங்க. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ரெண்டு பேரும் கணவாயோட தடிமனான நரம்புல கரன்ட் அளந்து, அத நாலு டிஃபரன்ஷியல் ஈக்வேஷனா எழுதி (1952ல வெளிவந்துச்சு), ஹக்ஸ்லி அத கையால சுத்துற கால்குலேட்டர்ல உக்காந்து போட்டார், ஏன்னா கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் அப்ப மாத்தியமைக்கிற வேலைக்காக நிறுத்தி வச்சிருந்துச்சு. அது பயாலஜியா மேத்ஸாங்கிற கேள்வி அவங்களுக்கு வந்திருக்கவே வராது. நம்ம பக்கமும் இருக்கு, சென்னை ஐஐடி மூளை மையம் 2024 டிசம்பர்ல கருவுல இருக்கிற குழந்தை மூளையோட 5,132 சீவல் படத்த எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிட்டாங்க, வெட்டினது ஒரு கூட்டம்னா அத்தன படத்தையும் அடுக்கி காட்டுறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் கூட்டம் வேணும்ல. உங்கள மாதிரி ஆளுக்கு அங்க வேலை இருக்கு, சம்பளம் பத்தி மறுபடியும் நான் பேசல.

நோட்டீஸ்_பீரியட்:
சரிம்மா, எடு. ஆனா டிஎஸ்ஏ (டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம்) விட்டுடாத, தினம் ஒரு ப்ராப்ளம். அப்பாகிட்ட கேம்பஸ் ஆஃபர் ஒண்ண காமிச்சுட்டா அதுக்கப்புறம் அவர் மைனர் பேரக் கூட கேக்க மாட்டார், எங்கப்பாவும் அப்படித்தான்.

ரெண்டாவது_பெஞ்ச்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். இன்னைக்கு ஹெச்ஓடிகிட்ட போய் ப்ராஜெக்ட் பத்தி கேட்டேன், "ரெண்டு கைடா? ஒரு கைடு கிடைக்கிறதே கஷ்டம்"னார். அப்புறம் பயோடெக் மேடத்தயும் இசிஇ சாரையும் நானே தனித்தனியா போய் பாத்தேன், ரெண்டு பேரும் சரினு சொல்லிட்டாங்க, ஆனா இன்னொருத்தர் சரினு சொன்னது ரெண்டு பேருக்கும் இன்னும் தெரியாது. ஃபார்ம் குடுத்தாச்சு. அப்பா நேத்துல இருந்து பேசல, சித்தி மட்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் பத்தி சொன்னதும் கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்தாங்க.

ஈரோட்டுல தலைய பொளக்காம முழுசா மூளை எடுத்துக் குடுக்கிற கறிக்கடை யாருக்காச்சும் தெரியுமா?

மூணு_அரியர்:
ஞாயித்துக்கிழமை போகாத, கூட்டத்துல அவர் பொறுமையா தட்ட மாட்டார். செவ்வாய்க்கிழமை போ. ஃபார்மலின முன்னாடியே வாங்கி வச்சுக்கோ.