புதுயுகம் நாப்கின்: மூணாம் நாளுக்கு என்ன?

தமிழ்நாட்டில் 2011இல் அறிவித்த புதுயுகம் என்ற இலவச நாப்கின் திட்டத்தில், 10 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 3 பாக்கெட். பாக்கெட்டுக்கு 6. ஆக, மாதத்துக்கு 9 நாப்கின். முதல் இரண்டு நாளும் நாளுக்கு நாலைந்து மாற்றினாலே அது தீர்ந்துவிடும். மிச்சம் பிடிக்கிற பிள்ளைகள் காலையில் வைத்ததையே சாயங்காலம் வரை வைத்திருக்கிறார்கள். தொடையிடுக்கு வெந்து புண்ணாகிறது. அதனால் "நாப்கின் கிடைச்சுதா பாப்பா?" என்று கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். "மூணாம் நாள் என்ன வெச்சுக்கிட்ட?" என்று கேளுங்கள். அப்போதுதான் நிலவரம் தெரியும்.

கோடை விடுமுறைக்கான பாக்கெட், பரீட்சை முடியுமுன் கைக்குப் போய்விட வேண்டும். படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு அங்கன்வாடி வழியாகத்தான். எளிதில் விடுபடுபவள் அவள்தான், பெயரைத் தனியே எழுதி வையுங்கள்.

*

கணக்கு சரி அக்கா. பற்றாக்குறைக்கு மக்கள் மருந்தகத்தில் சுவிதா நாப்கின் வாங்கலாம்; 2019 ஆகஸ்டில் ஒன்று 1 ரூபாய் என்று விலையைக் குறைத்தார்கள்.

நாப்கின் பையில் இருந்தும் பள்ளியில் மாற்றாமல் வருகிறார்கள் என்றால் கழிவறையைப் போய்ப் பாருங்கள். உள்தாழ்ப்பாள், பேன்ட்டை மாட்ட ஒரு ஆணி, வாளியில் தண்ணீர், மூடிபோட்ட தொட்டி, சுற்றிப் போடக் கிழித்து வைத்த பழைய பேப்பர். இதில் ஒன்று குறைந்தாலும் பிள்ளை வீடு போகும்வரை மாற்றாமலே இருந்துவிடுவாள்.

பயன்படுத்திய நாப்கினை எரிக்கும் எந்திரம் வைத்தால் மட்டும் போதாது. நாப்கினுக்குள் இருக்கும் ஜெல் ஈரத்தை இழுத்துப் பிடித்திருக்கும். ஐந்தாறை ஒன்றாகத் திணித்தால் எரியாது, புகையும். எந்திரத்தின் மின்சுருள் சூடேறுமுன் போட்டாலும் அதே கதிதான். நாப்கினின் அடித்தாள் பிளாஸ்டிக். குறைந்த சூட்டில் கருகினால் வருவது நச்சுப்புகை. 800 டிகிரியை எட்டாத எந்திரத்தை வகுப்பறைப் பக்கம் வைக்கவே கூடாது. புகைக்குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். சாம்பல் தட்டை யார் கொட்டுவது என்று முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் அது நிரம்பிக் காற்று அடைபடும், எந்திரமும் மூலையில் கிடக்கும்.

*

மூணாம், நாலாம் நாளுக்குப் பருத்தித் துணியும் நல்லதுதான்ம்மா, துவைக்கிற முறை தெரிந்தால். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசணும். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். அப்புறம் சோப்பு. கெட்டுப்போவது காயவைக்கும் இடத்தில்தான். பாவாடைக்கு அடியில் ஒளித்து நிழலில் போட்டால் உள்மடிப்பு ஈரமாகவே இருக்கும், அதையே மறுபடி வைத்தால் அரிப்பு வரும். மடிப்பை முழுக்க விரித்து, வெயில் நேரே படுகிற கொடியில் போடுங்கள்.