மாறுவேட இளவரசன் யாரென்று நாயகிக்கு எப்போது தெரியவேண்டும்? (தொடர்கதை, 1816 கொழும்பு)

அலைகடலோரம்:
வணக்கம். 24 அத்தியாயத் தொடர்கதை ஒன்றுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கிழமைக்கு ஒரு அத்தியாயம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1200 சொற்கள். களம் 1816ஆம் ஆண்டுக் கொழும்பு. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் உறவுக்கார இளைஞன் ஒருவன் ஆங்கிலேயர் கையில் அகப்படாமல் தப்பி, செட்டியார் தெருவில் ஒரு அரிசிக் கடையில் வேறு பெயரில் கணக்குப்பிள்ளையாகச் சேர்கிறான். கடை முதலாளியின் மகள்தான் நாயகி. தகப்பனுக்குக் கண் மங்கிவிட்டதால் கணக்கை அவள்தான் பார்க்கிறாள். இரண்டு பேருக்கும் காதல் வருகிறது. அவன் யாரென்பது 22ஆம் அத்தியாயத்தில் முத்திரை மோதிரம் ஒன்றால் வெளிப்படுகிறது.

கேள்விகள் மூன்று. 22ஆம் அத்தியாயம் வரை ஒன்றும் தெரியாமல் இருந்தால் நாயகி முட்டாளாகத் தெரிவாளா? பொய் சொல்லிக் காதலித்தவனை அவள் மன்னிப்பதை வாசகர் ஏற்கும்படி எழுதுவது எப்படி? சரித்திரத்தில் நான் கட்டாயம் சரியாக வைத்திருக்க வேண்டியவை எவை?

சுவடிப்பெட்டி:
முட்டாளாகத்தான் தெரிவாள். கணக்கில் கெட்டிக்காரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பொய்க்கணக்கைக் கண்டுபிடிக்கிற கண் பொய் ஆளையும் கண்டுபிடிக்கும் என்றுதான் வாசகர் எதிர்பார்ப்பார். மோதிரத்தை விட்டுவிடுங்கள். பெட்டியிலிருந்து மோதிரம் விழுந்து குட்டு வெளிப்படுவது தற்செயல். அதில் அவளுடைய அறிவுக்கு வேலை இல்லை. அவள் தன் தொழிலை வைத்தே அவனைப் பிடிக்கவேண்டும்.

முதலில், யாருக்கு எப்போது தெரிகிறது என்பதைக் கதையிலிருந்து பிரித்து ஒரு தனித்தாளில் எழுதுங்கள். வாசகருக்கு 2ஆம் அத்தியாயத்திலேயே தெரியட்டும். அவளுக்குச் சந்தேகம் 6இல் வரட்டும், 9இல் சோதிக்கட்டும், 12இல் உறுதியாகட்டும். தன்னை அவள் அறிந்துவிட்டாள் என்பது அவனுக்கு 15இல் தெரியட்டும். கதையின் நடுவில், 12ஆம் அத்தியாயத்தில், ரகசியம் கை மாறுகிறது. அதுவரை ஏமாற்றுகிறவன் அவன். அதற்குப் பிறகு தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவள் அவள். கடைசி ஒன்பது அத்தியாயங்களில் இரண்டு பேரும் சேர்ந்து வெளியாருக்கு மறைக்கிறார்கள். உங்கள் திட்டத்தில் வெளிப்பாட்டுக்குப் பிறகு மிஞ்சுவது இரண்டே அத்தியாயம். கோபம், பிரிவு, மன்னிப்பு மூன்றையும் அதற்குள் திணித்தால் மூன்றும் அவசரத்தில் கெட்டுப்போகும்.

தடயங்களில் மூன்று வகை வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வகையாக வைப்பதால்தான் இப்படியான கதைகள் சலித்துப்போகின்றன.

முதல் வகை, உடம்பில் இல்லாத தழும்பு. அந்தக் காலத்தில் ஓலையில் எழுதிப் பழகியவர்கள் இடது கைப் பெருவிரல் நகத்தில் சிறு வெட்டு ஒன்று வைத்திருப்பார்கள். எழுத்தாணியின் முனையை அதில் சாய்த்துத்தான் எழுத்தை நகர்த்துவார்கள். உங்கள் ஆளின் நகம் வழுவழுப்பாக இருக்கிறது. ஓலையை அவன் வாங்கிப் பிடிக்கும்போதே அவள் அதைப் பார்த்துவிடலாம். ஆனால் அந்த இடத்தில் விளக்கம் எழுதவேண்டாம். நகத்தைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது வகை, தெரியவேண்டியது தெரியாமல் இருப்பது. திண்ணைப் பள்ளியில் படித்த எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் கீழ்வாய்க் கணக்கு, அதாவது பின்னக் கணக்கு, நாக்கில் இருக்கும்: அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அப்போது கொழும்பில் புழங்கிய றிக்ஸ் டாலருக்கு 12 பணம், அல்லது 48 ஸ்டைவர். "ஒரு றிக்ஸ் டாலருக்கு மாகாணி எவ்வளவு?" என்று அவள் சாதாரணமாகக் கேட்கட்டும். உண்மையான கணக்குப்பிள்ளை தலை நிமிராமலே "முக்கால் பணம்" என்பான். இவன் யோசிப்பான். விடை சரியாகத்தான் வரும், ஆனால் பிந்தி வரும். பிழையான விடையைவிடப் பிந்திய விடை நல்ல தடயம். பிழை விட்டால் தகப்பன் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார், கதையும் நின்றுவிடும்.

மூன்றாவது வகை, தெரியக்கூடாதது தெரிந்திருப்பது. கடனுக்கு ஈடாக யாரோ ஒரு முத்தைக் கொண்டுவருகிறார்கள். அரிசி மூட்டையின் நிறை தெரியாதவன் முத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து இத்தனை மஞ்சாடி (முத்து நிறுக்கும் சிறு நிறை) என்கிறான். தராசும் அதையே சொல்கிறது. 9ஆம் அத்தியாயத்தை இந்த இடத்தில் முடியுங்கள்.

வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சேர்க்கலாம். வேலைக்கு வந்தவன் சாப்பிட்ட இலையைத் தானே எடுக்கவேண்டும். இவன் முதல் நாள் எடுக்காமல் எழும்புகிறான், பிறகு யாரோ முறைத்ததும் அவசரமாகக் குனிகிறான். தமிழைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்டியின் கடைசி அரச வம்சமான நாயக்கர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்குக் குடும்பத்தார். செட்டியார் தெருவுக்குக் கடலின் மறுகரையான இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள், ஆகவே மதுரைப் பேச்சு அங்கே யாரையும் திரும்பிப் பார்க்கவைக்காது. ஆனால் திடீரென்று பயந்தாலோ காய்ச்சலில் பிதற்றினாலோ தெலுங்குதான் வாயில் வரும். அதை ஒரே ஒரு தடவை பயன்படுத்துங்கள்.

கோட்டைமதில்:
சரித்திரக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தெரிந்துகொண்ட ஆண்டு மிகப் பொருத்தமானது. மன்னன் பிடிபட்டது 18 பெப்ரவரி 1815, மெதமகாநுவரப் பக்கத்தில், ஒளித்திருந்த வீட்டில். கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் 2 மார்ச் 1815. அவனைக் கொழும்பில் வைத்திருந்து, 1816 தொடக்கத்தில் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். உங்கள் முதல் அத்தியாயத்தை அந்தக் கப்பல் புறப்படும் நாளில் வைக்கலாம். உறவினன் கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறான், கும்பிட முடியாது.

அவன் ஏன் பொய் சொல்கிறான் என்பதற்கு அந்த ஒப்பந்தமே காரணம் தருகிறது. மன்னனின் ஆண் உறவினர்கள், இரத்த உறவானாலும் கொண்டான் கொடுத்தான் உறவானாலும், கண்டி மாகாணங்களின் அரசுக்கு எதிரிகள் என்று அதன் ஒரு பிரிவு அறிவிக்கிறது. எழுத்திலான அனுமதி இல்லாமல் அவர்கள் உள்ளே நுழைந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. உறவினராக இருப்பவர்களை மட்டும் அல்ல, உறவினர் என்று பாவனை செய்பவர்களையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது. ஒரு கதாசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தப் பாவனை நடந்தும் இருக்கிறது. 1817இல் ஊவாவில் தொடங்கிய கலகத்தில் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு தன்னைத் துரைசாமி என்றும் நாயக்கர் வம்சத்து உறவினன் என்றும் சொல்லி அரசுரிமை கோரினான். கலகத்தை அடக்கப் போன கண்டிப் பிரதானி கெப்பெட்டிபொலவே அந்தப் பக்கம் சேர்ந்தார். பிற்பாடு கலகத் தலைவர்களில் ஒருவரான மடுகல்ல, வில்பாவேயின் வேடத்தை உணர்ந்து அவனைக் காலைப் பூட்டும் தொழுமரத்தில் மாட்டினார். கெப்பெட்டிபொலவுக்கு 26 நவம்பர் 1818இல் மரண தண்டனை. உங்கள் கதையை 1817 கடைசிவரை நீட்டினால், உண்மையான உறவினன் செட்டியார் தெருவில் அரிசி அளந்துகொண்டிருக்க, பொய்யானவனின் பெயர் கொழும்பு முழுக்கப் பேசப்படும். "துரைசாமியை உனக்குத் தெரியுமா?" என்று நாயகி கேட்கலாம். அந்த ஆள் தன் உறவினன் இல்லை என்று இவனுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் தான் யாரென்று சொன்னமாதிரி. 18, 19ஆம் அத்தியாயங்களுக்கு இது உதவும்.

அவனை ஆங்கிலேயரே அரசனாக்கப் பார்க்கலாம் என்று ஒரு கிளைக்கதை யோசித்தால், அதற்கும் முன்மாதிரி உண்டு. 1803இல் முத்துசாமி என்ற உறவினரைக் கண்டியில் சிம்மாசனத்தில் ஏற்றினார்கள். சில மாதங்களில் ஆங்கிலேயப் படை சரணடைந்தது. முத்துசாமியை ஒப்படைத்தார்கள், அவர் கொல்லப்பட்டார். உங்கள் ஆளுக்கு இது குடும்பத்தில் எல்லாரும் அறிந்த கதை. ஆங்கிலேயர் நல்ல வார்த்தை பேசினாலும் அவன் நம்பமாட்டான்.

வழுக்கக்கூடிய இடங்கள்: கண்டிக்கு ரயில் 1867இல்தான் வந்தது. 1816இல் கடுகண்ணாவைக் கணவாய் வழியான வண்டிப் பாதையும் இல்லை. தீக்குச்சி இல்லை, விளக்கிலிருந்து விளக்குக்கு நெருப்பெடுப்பார்கள். தேயிலைத் தோட்டம் இல்லை, ஆகவே கடைத்தெருவில் யாரும் சர்வசாதாரணமாகப் பிளேன்ரீ குடிக்கமாட்டார்கள். காலிமுகத்திடல் உலாவும் திடலானது 1859இல். காதலரை அங்கே சந்திக்கவைக்காதீர்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. இதற்கு மாறாக, இன்று இல்லாத ஒன்று அன்று இருந்தது: கோட்டையைச் சுற்றி மதில். 1870ஐ ஒட்டித்தான் இடித்தார்கள். புறக்கோட்டை என்ற பெயருக்கேற்ப உங்கள் கடை மதிலுக்கு வெளியே. உள்ளே போகவேண்டுமென்றால் காவலரைத் தாண்டவேண்டும். அவனைச் சுங்கத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் பதற்றம் தானாகக் கிடைக்கும்.

கண்டிச் சிம்மாசனம் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒல்லாந்தர் 1693இல் கொடுத்தது, 1815க்குப் பிறகு இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது. கைப்பிடியிலுள்ள சிங்கங்களைக் கிட்டப் பார்த்துவிட்டு எழுதுங்கள், வர்ணனை மாறும்.

மல்லிகைப்பந்தல்:
சுவடிப்பெட்டி சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். அவளுக்கு 12இல் தெரிந்து அவனுக்கு 15வரை தெரியாமல் இருந்தால், மூன்று கிழமை அவள் அவனை ஆட்டிவைப்பதாக ஆகும். வாசகிகளுக்கு முதலில் அது இனிக்கும், பிறகு அவளும் அவனைப்போலப் பொய்காரியாகத் தெரிவாள். 14இலேயே முடித்துவிடுங்கள். அந்த இடைவெளியில் அவள் சும்மா வேடிக்கை பார்க்கக்கூடாது, எதையோ தீர்மானிக்கவேண்டும்: காட்டிக்கொடுப்பதா, துரத்துவதா, வைத்திருப்பதா. தகப்பனின் கடையும் ஆபத்தில் இருக்கிறது அல்லவா? அடைக்கலம் கொடுத்த குற்றம் அவர் தலையில் விழும்.

மன்னிப்புப் பற்றி. அவன் அவளிடம் சொல்லும் ஒவ்வொரு வசனத்தையும் மூன்று நிரலில் பிரியுங்கள். ஒன்றில் நேரடிப் பொய், அடுத்ததில் சொல்லாமல் விட்டது, மற்றதில் உண்மை. நேரடிப் பொய் ஐந்துக்குமேல் போனால் குறையுங்கள். பெயர், ஊர், தொழில், இந்த மூன்றும் போதும். "என் தாய் இறந்துவிட்டாள்" என்று பொய்யாக அழவிட்டால் பிறகு எந்த மன்னிப்பும் ஒட்டாது, ஏனென்றால் அவளுடைய இரக்கத்தைத் திருடியிருக்கிறான். காதல் காட்சிகள் முழுவதும் மூன்றாவது நிரலிலிருந்து மட்டும் கட்டப்படவேண்டும். பின்னால் அவள் திரும்பிப் பார்க்கும்போது, பெயர் மட்டும்தான் பொய், பேசியது பொய்யில்லை என்று அவளே எண்ணிக் கண்டுகொள்ளவேண்டும். அவள் கணக்குக்காரிதானே, எண்ணட்டும்.

தாலி, நிச்சயம், பரிசம் எதுவும் வெளிப்பாட்டுக்கு முன் வரக்கூடாது. பொய்ப் பெயருக்குக் கட்டிய தாலியை நம் வாசகர் ஏற்கமாட்டார். தகப்பன் பேச்செடுத்தால் அவன்தான் தட்டிக்கழிக்கவேண்டும். அந்தத் தட்டிக்கழிப்பும் அவளுக்கு ஒரு தடயம்.

நம்மிடம் இருக்கும் பழைய கதைகளைப் பாருங்கள். வள்ளியிடம் முருகன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாகத் தேனும் தினைமாவும் கேட்டான். வேடம் கேட்பவருக்கு முதலிலிருந்தே தெரியும், அதனால்தான் கதிர்காமம் உள்ள இந்த நாட்டில் அந்தக் கதையைச் சலிக்காமல் கேட்கிறோம். தமயந்தி இன்னும் நல்ல வழிகாட்டி. சுயம்வரத்தில் நளனைப்போல நின்ற தேவர்களை, இமைக்காத கண்ணையும் வாடாத மாலையையும் வைத்துப் பிரித்தாள். பிறகு அவன் உருமாறித் தேரோட்டியாக வந்தபோது தோழியை அனுப்பிக் கவனித்தாள், அவன் சமைத்ததை எடுப்பித்து ருசி பார்த்தாள். அவளை யாரும் ஏமாளி என்று சொன்னதில்லை. சோதித்தவள் அவள்.

மன்னிப்புக் கேட்கும் காட்சியில் அவனை அழவைத்து நீட்டவேண்டாம். 200 சொல்லுக்குள் முடியட்டும். அவன் எதையாவது அவள் கையில் கொடுக்கவேண்டும், அதை வைத்து அவள் அவனை அழிக்கமுடியும் என்ற அளவில். உங்கள் மோதிரத்துக்கு இங்கே இடம் உண்டு. தற்செயலாக விழாமல், அவனாகக் கழற்றிக் கொடுக்கட்டும்.

அலைகடலோரம்:
மூவருக்கும் நன்றி. மோதிரத்தை 14க்குக் கொண்டுவருகிறேன், வில்பாவே செய்தியை 18இல் வைக்கிறேன். ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இறுதியில் அவன் யாரென்று ஊருக்குத் தெரியவேண்டுமா?

கோட்டைமதில்:
வேண்டாம். ஊருக்குத் தெரிந்தால் அரசாங்கத்துக்கும் தெரியும், பிறகு கப்பல்தான். மறுகரைக்கு அனுப்பி அங்கே சேர்த்துவைப்பதாக முடித்தால், கதை முழுவதும் அவன் தப்பியோடியதற்குப் பொருளில்லை. அவளையும் தகப்பனையும் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் அவன் கணக்குப்பிள்ளையாகவே இருந்துவிடட்டும்.

சுவடிப்பெட்டி:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இலவசமாக வேண்டாம். 21இல் கடைக்கு வரும் அதிகாரி ஒருவர் அவனைச் சந்தேகித்து, கணக்கு எழுதிக் காட்டு என்று கேட்கட்டும். அவள் 15இலிருந்தே அவனுக்குக் கீழ்வாய் இலக்கம் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும், நகத்தையும் வெட்டிவிட்டிருக்கவேண்டும். "மாகாணி எவ்வளவு?" என்ற அதே கேள்வி வரும்போது இந்த முறை அவன் தலை நிமிராமல் பதில் சொல்வான். அந்தப் பாடங்களை 15, 17, 20இல் சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றும் 300 சொல்லுக்கு மிகாமல், வேறு சம்பவங்களுக்கு நடுவில் ஒளித்து வையுங்கள். ஒரே அத்தியாயத்தில் கொட்டினால் 21இல் என்ன வரப்போகிறது என்று வாசகர் முன்பே சொல்லிவிடுவார்.