மிலிட்டரி தாத்தாவின் முழக்கோல்

வேலூரை அடுத்த கணியம்பாடிப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவைக் காண்பது அரிது. அருகிலுள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே ஒரு பெயர் உண்டு. எங்கள் தெருவில் அப்படிப் போய்வந்தவரை மிலிட்டரி தாத்தா என்போம். தச்சு வேலை அவருக்குப் பரம்பரைத் தொழில். ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்த பிறகும் உளியும் ரம்பமும் அவர் கையை விட்டுப் போகவில்லை. அந்தப் பிரிவு வீரர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்று அன்பாக அழைப்பார்கள். ஓய்வு பெற்று வந்தபின் அவரும் ஊரில் எல்லோரையும் தம்பி என்றே கூப்பிட்டார்.

1971 போரைப் பற்றிக் கேட்டால் பேச்சைப் பெய்லி பாலத்துக்குத் திருப்பிவிடுவார். இரும்புச் சட்டங்களைக் கோத்து ராணுவம் விரைவாக அமைக்கும் பாலம் அது. அதன் ஒரு சட்டம் 10 அடி நீளம், ஏறத்தாழ 260 கிலோ எடை. ஆறு பேர் ஒரே மூச்சில் தூக்க வேண்டும், ஒருவர் முந்தினாலும் மற்றவர் இடுப்பு போய்விடும் என்பார். எங்கள் வீட்டுக்கு வாசல் நிலை நிறுத்திய அன்று, மஞ்சள் பூசிய அந்த வேப்பமர நிலையைச் சுற்றி எங்களை நிற்க வைத்து, அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணியபோதுதான் அந்தப் பேச்சின் பொருள் எனக்கு விளங்கியது. மரம் முழுதும் காயவில்லை என்று அதற்கு முன் இரண்டு மாதம் எங்களைக் காக்க வைத்திருந்தார். என் அப்பா அவசரப்படுத்தியும் அவர் இசையவில்லை. இன்றுவரை ஐப்பசி மழையில்கூட அந்தக் கதவு இறுகியதில்லை.

அவரை நான் மிகவும் மதித்தது வேறொரு நாளில். அவர் மனைவியை நாங்கள் ஆயா என்போம். முழங்கால் வாதத்தால் ஆயா கட்டிலிலிருந்து இறங்க முடியாமல் தவித்தார். கல்யாணச் சீராக வந்த உயரமான பூவரசங்கட்டில் அது. தாத்தா தரையில் உட்கார்ந்து, ஆயாவின் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை முழக்கோலை வைத்து அளந்தார். ஒருமுறை அளந்தது போதாதென்று, பொழுது சாய்ந்து கால் வீங்கிய பிறகு மறுபடியும் அளந்தார். பிறகு கட்டிலைக் கவிழ்த்து, நான்கு கால்களிலும் பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தை மெல்ல இழுத்து அறுத்தார். நிமிர்த்திப் போட்டதும் ஆயா உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. “இப்ப எழுந்திரு பாக்கலாம்” என்றவர், கை கொடுக்காமல், ஆனால் கைக்கெட்டும் தூரத்திலேயே நின்றார். ஆயா தானாக எழுந்தார்.

ஆயா போய் நான்கு ஆண்டுகள் அந்தக் கட்டிலில்தான் அவர் படுத்தார். எண்பதைக் கடந்து, சென்ற தை மாதம் அவரும் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவருடைய மகள் கருவிப்பெட்டியைத் திறந்து காட்டினார். கொட்டாப்புளிக்கும் இழைப்புளிக்கும் அடியில், பழைய ராணுவத் துண்டு ஒன்றில் சுற்றி, அந்தக் கட்டில் கால்களின் நான்கு துண்டுகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆயாவின் பெயரும் அன்றைய அளவும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன.