அறுவை சிகிச்சைக்கு முன் அம்மா அப்பாவைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் நடக்கும் உளவியல் மதிப்பீட்டில் பெற்றோரைப் பற்றிய கேள்விகள் எதற்கு என்று சிலர் கேட்டிருந்ததால், என் அனுபவத்தை எழுதுகிறேன். உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் என் பிஎம்ஐ அளவு 40-ஐத் தாண்டியிருந்தது. சர்க்கரை நோயும் இருந்தது. மற்ற பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு உளவியலாளர் என்னிடம் கொடுத்தது, கோர்டன் பார்க்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1979-இல் வெளியிட்ட பெற்றோர் பிணைப்பு வினாத்தாள். நமக்கு 16 வயதாகும் வரை அம்மா எப்படி நடந்துகொண்டார் என்பதை நினைவில் கொண்டு 25 வாக்கியங்களுக்கு விடை குறிக்க வேண்டும்; பிறகு அதே வாக்கியங்களுக்கு அப்பாவை நினைத்து மறுபடியும் குறிக்க வேண்டும்.

அன்பைப் பற்றிய வாக்கியங்களுக்கு யோசிக்காமல் டிக் செய்துகொண்டே போனேன். நான் செய்வதையெல்லாம் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முயன்றாரா என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதை எப்போதும் அம்மாதான் முடிவு செய்வார். போதும் என்றால், "உனக்கு என்ன தெரியும், சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி வைப்பார். பசிக்கிறது என்றால், "இப்போதுதானே சாப்பிட்டாய்" என்பார். அழுதாலும் தட்டுதான் முன்னால் வரும். அவ்வளவும் பாசத்தால் செய்தது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அரவணைப்பும் மிகைப் பாதுகாப்பும் தனித்தனி அளவுகோல்கள் என்றும், இரண்டுமே கூடுதலாக இருந்தால் அதை அன்போடு கூடிய கட்டுப்பாடு என்று வகைப்படுத்துவார்கள் என்றும் உளவியலாளர் விளக்கினார். பருமனான குழந்தைகளின் குடும்பங்களை 1940-களிலேயே கூர்ந்து கவனித்த மனநல மருத்துவர் ஹில்டே புரூக்கைப் பற்றியும் சொன்னார். குழந்தையின் தேவை எதுவென்று பாராமல் எல்லாவற்றுக்கும் உணவையே கொடுத்தால், பசியையும் மன வருத்தத்தையும் பிரித்தறிய அந்தக் குழந்தை கற்றுக்கொள்வதில்லை என்பது புரூக்கின் கருத்து. அதைக் கேட்டபோது, யாரையும் குற்றவாளியாக்காமல் என் வாழ்க்கையின் ஒரு பகுதிக்குக் காரணம் கிடைத்ததாகவே உணர்ந்தேன்.

எனக்குச் செய்த ஸ்லீவ் என்ற அறுவை சிகிச்சை முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால், முதல் மாதங்களில் பசி வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒரு நாள் தொலைபேசியில் வாக்குவாதம் முடிந்த கையோடு நான் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து நின்றேன். வயிற்றில் பசியே இல்லை. உளவியலாளரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால்தான் அது கோபம் என்று அந்த நொடியில் எனக்குப் பெயர் சொல்லத் தெரிந்தது.

மறுமொழி

நான் இத்தகைய மதிப்பீடுகளைச் செய்யும் உளவியலாளர். உடல் பருமன் உள்ளவர்களுக்கென்று தனியாக ஓர் ஆளுமை வகை கிடையாது. மனநல மருத்துவர் குளோனிஞ்சரின் ஆளுமை வினாத்தாளைக் கொடுக்கும்போது நான் கவனிப்பது, தன் வாழ்க்கையைத் தானே வழிநடத்த முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான். அது குறைந்திருந்தாலோ, சிறுவயதில் அரவணைப்பே கிடைக்காமல் கண்டிப்பு மட்டும் இருந்திருந்தாலோ, அறுவை சிகிச்சையை மறுக்க அதை மட்டும் யாரும் காரணமாக்கக் கூடாது; பின்தொடர் ஆலோசனையை நெருக்கமாக வைத்துக்கொள்ள அது வழிகாட்ட வேண்டும். அனுமதி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் தங்கள் வீட்டில் எல்லாமே நன்றாக இருந்ததாக எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதியவர்களுக்கு எந்த வகை உதவி தேவைப்படும் என்பது எங்களுக்குத் தெரியாமலே போகிறது. குறிப்பாக, எடைக் குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மது மிக விரைவாக ரத்தத்தில் ஏறும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இரண்டாம் ஆண்டில் மதுப் பிரச்சினை கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உணவால் ஆறுதல் தேடிப் பழகியவர்களிடம் இதை முன்பே பேசிவிடுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.