ஆறு கிராமத்து ஆலயங்களுக்கு ஒரே குருவானவர்: புதியவரைத் தேடுவதை எங்கே தொடங்குவது?

கேள்வி | கிராமத்து வார்டன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கிலாந்துத் திருச்சபையில் எங்களுடையது கிராமப்புற பெனிஃபிஸ் (ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்). ஆறு ஆலயம், ஐந்து பிசிசி (சபை நிர்வாகக் குழு), ஒரே குருவானவர். அவர் விரைவில் ஓய்வு பெறுகிறார். இப்போதைய வார்டன்களில் (ஆலயப் பொறுப்பாளர்கள்) யாருமே வேகன்சி ஒன்றை, அதாவது குருவானவர் பதவி காலியாக இருக்கும் காலத்தை, நடத்திப் பார்த்தவர்கள் இல்லை.

சட்டப்படி முதலில் செய்ய வேண்டியது என்ன? பேட்ரன்கள், அதாவது புதிய குருவானவரின் பெயரை முன்வைக்கும் உரிமை உள்ளவர்கள், மூன்று தரப்பு: பேராயர், ஆக்ஸ்ஃபோர்ட் கல்லூரி ஒன்று, பழைய பண்ணைக் குடும்பம் ஒன்று. கடைசிச் சொல் யாருடையது? "சஸ்பென்ஷன் (பேட்ரனின் உரிமையை நிறுத்திவைப்பது) பற்றி யோசிக்கிறோம்" என்கிறார் பேராயருக்குக் கீழ் நிர்வாகம் பார்க்கும் ஆர்ச்டீக்கன். அதற்கு எங்கள் பதில் என்னவாக இருக்க வேண்டும்? பக்கத்து பெனிஃபிஸில் இரண்டு முறை விளம்பரம் போட்டும் ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை என்பதால் எல்லாருக்கும் பயம். ஊரிலிருந்து சிஎஸ்ஐ குருவானவர் ஒருவரை அழைத்தால் என்ன என்றும் ஒரு வார்டன் கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் | டீனரி மேசை

சட்டத்தை மட்டும் நான் சொல்கிறேன். அடிப்படை 1986ஆம் ஆண்டு பேட்ரனேஜ் (பெனிஃபிசஸ்) மெஷர் என்ற திருச்சபைச் சட்டம். பேராயம் இதற்கென நியமித்திருக்கும் அதிகாரி ஒவ்வொரு பிசிசி செயலருக்கும் வேகன்சி அறிவிப்பு அனுப்புவார். கெடு அந்தக் கடிதத்தோடு ஓடத் தொடங்கும். கடிதம் ஐந்து பேரிடமும் வந்து சேர்ந்ததா என்று அந்த வாரமே உறுதிப்படுத்துங்கள். செயலர் மாறியது பேராயத்துக்குத் தெரியாமல் கடிதம் பழைய முகவரிக்குப் போய்க் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது 11ஆம் பிரிவுக் கூட்டம். உங்களைப் போன்ற கூட்டு பெனிஃபிஸில் ஐந்து பிசிசியும் சேர்ந்தே கூட வேண்டும். திருச்சபைகளின் நிலை, தேவை, ஆராதனை மரபு ஆகியவற்றைச் சொல்லும் அறிக்கையைத் தயாரிப்பதும், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதும் அதன் முக்கிய வேலை. விளம்பரம் செய்யும்படி பேட்ரனைக் கேட்பதா, பேராயரோடும் பேட்ரனோடும் 12ஆம் பிரிவின்படி கூட்டுக் கூட்டம் கேட்பதா, பேராயத்தின் தேவைகள் குறித்துப் பேராயரிடம் எழுத்தில் அறிக்கை கேட்பதா என்பதையும் அங்கேதான் முடிவெடுப்பீர்கள். விலகும் குருவானவர், அவருடைய துணைவர், பேட்ரன், பேட்ரனின் பிரதிநிதி ஆகியோர் அந்தக் கூட்டத்தில் உட்காரக் கூடாது. "ஐயா சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று மரியாதைக்காகக்கூட விடாதீர்கள்.

ஒரே திருச்சபை என்றால் பிரதிநிதிகள் இருவர். பல திருச்சபைகள் உள்ள இடத்தில் மொத்தம் நால்வருக்குக் குறையாமலும், ஒவ்வொரு பிசிசியிலிருந்தும் ஒருவராவது இருக்கும்படியும் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்குக் குறைந்தது ஐந்து பேர்.

கடைசிச் சொல் யாருடையது என்றால், பெயரை முன்வைப்பவர் பேட்ரன். ஆனால் பேராயரும் பிரதிநிதிகள் ஒவ்வொருவரும் சம்மதிக்காமல் அவர் யாருக்கும் பதவியை அளிக்க முடியாது. ஒரு பிரதிநிதி தனியாக மறுத்தாலும் அது மறுப்புதான். காரணத்தை எழுத்தில் தர வேண்டும், பேட்ரன் அதை மறுபரிசீலனைக்குத் தலைமைப் பேராயரிடம் கொண்டுபோகலாம். கெடுவுக்குள் பதில் தராமல் இருந்தால் சம்மதித்ததாகவே கொள்ளப்படும் என்பதையும் ஐவரிடமும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மூன்று பேட்ரன்கள் சேர்ந்து செயல்படுகிறார்களா, முறை வைத்து மாறி மாறியா என்பது பேராயப் பதிவாளர் வைத்திருக்கும் பேட்ரன் பதிவேட்டில் இருக்கும். முறை என்றால் இந்தத் தடவை யாருடையது என்று இப்போதே கேளுங்கள். அந்தக் குடும்பத்தில் உரிமை யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். தனிநபர் பேட்ரன், தான் திருச்சபையில் திருவிருந்தில் பங்குபெறும் உறுப்பினர் என்று உறுதிமொழி தர வேண்டும். தர முடியாதவர் தனக்காக ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். விண்ணப்பதாரர் பட்டியல் போட்ட பிறகு இது தெரியவந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

பதில் | ப்ரொஃபைல் வாசகி

விண்ணப்பம் வராததற்குக் கிராமத்தைக் குறை சொல்வார்கள். பல நேரங்களில் குறை ப்ரொஃபைலில்தான், அதாவது விண்ணப்பிக்கிறவர் படிக்கும் அந்தத் திருச்சபை அறிக்கையில். பிசிசி ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதி, அதை அப்படியே சேர்த்துத் தைத்த ப்ரொஃபைல்களைப் பாருங்கள். ஓர் ஊர் 1662 ஜெபப் புத்தகத்தை விட மாட்டோம் என்கிறது. இரண்டு மைல் தள்ளி இருக்கும் ஊர் பிள்ளைகளோடு புது ஆராதனை வேண்டும் என்கிறது. இரண்டையும் ஒரே காலையில் யார் எப்படிச் செய்வது என்று யாருமே எழுதவில்லை. வாசிக்கும் குருவானவருக்கு அங்கே தெரிவது ஐந்து முதலாளிகள். ஒருவர் எழுதட்டும், மற்றவர்கள் திருத்தட்டும். பதினைந்து பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் தீருங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒருவர் ஒரு காலையில் நிம்மதியாக நடத்தக்கூடியது இரண்டு ஆராதனை. 9.15க்கு ஒன்று, 11க்கு ஒன்று, நடுவில் கிராமத்துச் சாலையில் இருபது நிமிடம். மூன்றாவதைச் செருகினால், முடிந்ததும் வாசலில் நின்று யாரிடமும் இரண்டு வார்த்தை பேச முடியாமல் காருக்கு ஓட வேண்டியிருக்கும். ஆட்கள் கவனிப்பதும் அதைத்தான், மனம் நொந்துபோவதும் அங்கேதான். எல்லா ஆலயத்திலும் எல்லா ஞாயிறும் ஆராதனை வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. 2019இல் திருச்சபையின் உள்விதியான கேனன் சட்டத்தைத் திருத்தி, பெனிஃபிஸில் ஓர் ஆலயத்திலாவது நடந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே இன்னின்ன வாரம் இன்னின்ன ஆலயம், ஐந்தாம் ஞாயிறு வந்தால் எல்லாரும் ஒரே இடத்தில் என்று ஐந்து பிசிசியும் ஒத்துக்கொண்ட அட்டவணையை ப்ரொஃபைலில் போடுங்கள். ஒத்துக்கொள்ள முடியவில்லையா? அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வருகிறவர் தலையில் அந்த வழக்கைக் கட்டுவது நியாயம் இல்லை.

அப்புறம் எண்கள். ஆலயம் வாரியாக அட்டவணை ஒன்று: ஊரின் மக்கள்தொகை, எலெக்டோரல் ரோல் (சபை வாக்காளர் பட்டியல்), வழக்கமான ஞாயிறு வருகை, ஆண்டில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். பேராயத்துக்குச் செலுத்த வேண்டிய பாரிஷ் ஷேர் எவ்வளவு, கட்டியது எவ்வளவு. கையிருப்பு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்க்கிடெக்ட் பார்க்கும் குவின்குவெனியல் அறிக்கையில் இன்னும் முடிக்காத வேலைகள். கூரை ஒழுகுகிறது என்றால் எந்த ஆலயம், எந்தப் பக்கம், ஃபாகல்ட்டி (திருச்சபைச் சட்டப்படியான கட்டட) அனுமதி எந்த நிலையில் இருக்கிறது, பணம் எங்கிருந்து வரப்போகிறது என்பது வரை எழுதலாம். கணக்குகள் பொதுவில் கிடைக்கும். நீங்கள் சொல்லாததை விண்ணப்பிக்கிறவர் ஒரு மாலையில் தேடி எடுத்துவிடுவார், எடுத்த பிறகு ப்ரொஃபைலில் வேறெதையும் நம்ப மாட்டார்.

உதவிக்கு யார் யார் இருக்கிறார்கள் என்பதே பலரைத் தீர்மானிக்க வைக்கும். உரிமம் பெற்ற லே மினிஸ்டர் (குருப்பட்டம் பெறாத ஊழியர்) எத்தனை பேர், பேராயர் அனுமதியோடு ஆராதனை நடத்தும் ஓய்வுபெற்ற குருமார் எத்தனை பேர், ஐந்து பிசிசிக்கும் குருவானவரே தலைமை தாங்க வேண்டுமா அல்லது துணைத்தலைவர்கள் நடத்துவார்களா, நிர்வாகப் பணியாளர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம். ஐந்து பிசிசி தலா ஆறு கூட்டம் என்றால் ஆண்டுக்கு முப்பது மாலை. திருச்சபைப் பள்ளி இருந்தால் அதன் ஆளுநர் குழு வேறு. பொது விதிப்படி குருவானவருக்கு ஆண்டில் 36 நாள் விடுப்பும் வாரத்தில் முழுதாக 24 மணி நேர ஓய்வும் உண்டு. அந்த நாளில் தொலைபேசியை யார் எடுப்பார் என்று ஒரு வரி எழுதினாலே உங்கள் மீது மதிப்பு வரும்.

விகாரேஜுக்கு (குருவானவர் குடியிருக்கும் வீடு) அரைப் பக்கம் ஒதுக்குங்கள். படுக்கையறை எத்தனை, படிப்பறைக்குத் தனி வாசல் உண்டா, சூடாக்குவது எண்ணெயா எரிவாயுவா, ஆற்றல் தரச் சான்று எந்தப் படி, கைபேசி சிக்னல், பேருந்து, துணைவருக்கு வேலை வாய்ப்புள்ள ஊர் எத்தனை மைல்.

"இளைஞர், குடும்பத்தோடு, நீண்ட அனுபவம், சிறுவர் பணி, முதியோர் பணி, நிதி திரட்டும் திறமை" என்று பட்டியல் போடாதீர்கள். கட்டாயம் வேண்டியவை நான்கு, இருந்தால் நல்லவை மூன்று. நேர்காணலில் அவற்றைத்தான் சோதிக்கப் போகிறீர்கள்.

பதில் | வடக்கத்தி வார்டன்

சஸ்பென்ஷன் குறித்து: 2011ஆம் ஆண்டு மிஷன் அண்ட் பாஸ்டரல் மெஷர்படி, பேட்ரனின் உரிமையைப் பேராயர் ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டு வரை நிறுத்திவைக்கலாம், நீட்டிக்கவும் செய்யலாம். அதற்கு முன் பேட்ரன்கள், பிசிசிகள், வார்டன்கள், ஏரியா டீன் (டீனரி என்னும் அக்கம்பக்கத்துச் சபைகளின் தொகுதிக்குத் தலைமைக் குரு), டீனரியின் லே தலைவர் (குரு அல்லாதவர்) ஆகியோரைக் கலந்துபேசியாக வேண்டும். நிறுத்திவைத்தால் இன்கம்பென்ட் (நிரந்தரக் குரு) வரமாட்டார், பொறுப்புக் குருதான் வருவார். பேராயர் உங்களைக் கலந்துகொள்வார், ஆனால் டீனரி மேசை சொன்ன அந்த மறுப்புரிமை கிடையாது.

என் கருத்து, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பக்கத்து பெனிஃபிஸோடு இணைப்பதா, விகாரேஜை விற்பதா, முழுநேரப் பணியைக் குறைப்பதா? திட்டம் உண்மையிலேயே இருந்தால் சஸ்பென்ஷன் நியாயம். ஆண்டுக்குள் எல்லை மாறப்போகும் இடத்துக்கு ஒருவரை நிரந்தரமாகக் கூட்டிவருவது அவருக்குச் செய்யும் அநீதி. திட்டம் இல்லாமல் வழக்கத்துக்காகச் செய்தால் ஐந்து பிசிசியும் ஒரே கடிதத்தில் எதிர்ப்பைப் பதிவுசெய்யுங்கள். ஐந்து தனிக் கடிதத்துக்கு அந்தப் பலம் வராது.

ஹவுஸ் ஃபார் டியூட்டி என்றொரு ஏற்பாட்டையும் முன்வைப்பார்கள்: சம்பளம் இல்லை, வீடு உண்டு, ஞாயிறும் வாரத்தில் இரண்டு நாளும் பணி. ஆறு ஆலயத்துக்கு அது தனியாகப் போதாது. பெரிய பெனிஃபிஸின் குழுவில் இரண்டாவது ஆளாக என்றால் நன்றாகவே நடக்கும்.

கேள்வியாளர் | கிராமத்து வார்டன்

மிகுந்த நன்றி. இடைப்பட்ட மாதங்களை எப்படிச் சமாளிப்பது? சிஎஸ்ஐ விஷயமும் பிரதிநிதிகள் விஷயமும் இன்னும் தெளிவாகவில்லை.

பதில் | டீனரி மேசை

வேகன்சியில் வார்டன்களும் ஏரியா டீனும் சீக்வெஸ்ட்ரேட்டர்கள் (இடைக்காலப் பொறுப்பாளர்கள்). ஆராதனை நடப்பதும், பெனிஃபிஸ் வருமானமும், காலியான வீடும் உங்கள் பொறுப்பு. குருவானவர் கிளம்பும் முன் ஒரு பகல் உட்கார்ந்து சாவி, அலாரம் எண், பெட்டகத்தில் உள்ள பாத்திரங்கள், பதிவேடுகள் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டை வாரம் ஒருவர் சுற்றிப் பார்த்துத் தேதி போட்டு எழுத வேண்டும். குளிர்காலத்துக்கு முன் குழாய்த் தண்ணீரை வடிப்பதா, குறைந்த சூட்டில் ஹீட்டிங்கை ஓடவிடுவதா என்று பேராயச் சொத்துப் பிரிவிடம் கேளுங்கள். உறைந்து வெடித்த குழாய் ஒன்றே புதியவர் வருவதை மாதக்கணக்கில் தள்ளிவிடும்.

ஓய்வுபெற்ற குருமாரை எல்லா ஞாயிறும் அழைக்காதீர்கள், களைத்துவிடுவார்கள். மாதத்தில் ஒருமுறை ஒவ்வோர் ஆலயத்திலும் காலை ஜெபத்தை லே மினிஸ்டர் நடத்தட்டும். கல்யாணங்களில் கவனம்: ஓலை (கல்யாண அறிவிப்பு) மூன்று ஞாயிறு வாசித்திருக்க வேண்டும், மூன்றாவது வாசிப்பிலிருந்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் முடிய வேண்டும். மாதம் ஒரே ஆராதனை உள்ள ஆலயத்தில் இது இடிக்கும். பேராயப் பதிவகத்திடம் முன்கூட்டியே பேசி, தேவைப்பட்டால் காமன் லைசென்ஸ் (ஓலை இல்லாமல் கல்யாணம் நடத்த உரிமம்) வாங்கச் சொல்லுங்கள். கையெழுத்தான திருமண ஆவணம் 21 நாளுக்குள் பதிவு அலுவலகம் போய்ச் சேர வேண்டும். வந்து நடத்திய குரு அதைத் தன் பையிலேயே கொண்டுபோய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் | ப்ரொஃபைல் வாசகி

சிஎஸ்ஐ குறித்து: சிஎஸ்ஐ, இலங்கைத் திருச்சபை இரண்டும் ஆங்கிலிக்கன் உறவில் இருப்பவை. ஆனாலும் வெளிநாட்டில் அபிஷேகம் பெற்றவர் இங்கே பணிசெய்ய 1967ஆம் ஆண்டு மெஷர்படி கேன்டர்பரி அல்லது யார்க் தலைமைப் பேராயரின் அனுமதி வேண்டும். விசா, மதப்பணியாளருக்கான டி2. ஸ்பான்சர் உரிமம் உள்ள அமைப்பு, பெரும்பாலும் பேராயம், சான்று தர வேண்டும். ஆங்கிலம் பி2 நிலை. ஆகவே முதல் பேச்சு பேராயத்தோடு, அந்தக் குருவானவரோடு இல்லை. பிசிசி கொடுக்கும் வாக்கு எதையும் கட்டுப்படுத்தாது, அவர் அதை நம்பி அங்கே சேகரத்தை (தன் சபைப் பொறுப்பை) விட்டுவிட்டால் பெரிய பாவம். இன்னொன்று, இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் செல்லும். ஆறு ஆலயத்துக்குக் கார் இல்லாமல் முடியாது, தேர்வுக்கு முதல் மாதமே பதிய வேண்டும். இங்கிலாந்துச் சட்டமும் அடக்க ஆராதனை முறையும் பழக, முதலில் வேறொரு குருவோடு உதவியாளராக இருப்பதே அவருக்கும் நல்லது.

பிரதிநிதிகள் பிசிசி சொன்னதைச் சொல்லும் தூதுவர்கள் அல்லர். கேட்டறிந்து, தங்கள் மனசாட்சிப்படி தீர்மானிக்க வேண்டியவர்கள். விண்ணப்பதாரரின் இப்போதைய சபைக்கு அவர் தேடுவதே தெரியாமல் இருக்கலாம். பெயர் ஒன்று கசிந்தால் அங்கே அவர் படும் பாடு பெரிது. வீட்டிலும் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். நேர்காணலுக்கு முதல் நாள் ஆறு ஆலயத்தையும் காட்டுங்கள், ஊர்க்காரரோடு சாப்பிட வையுங்கள், ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையில் மதிப்பெண் போட வேண்டாம். குழுவில் எல்லாருக்கும் ஒரே கேள்விகள். "உங்கள் மனைவி சபைக்கு என்ன செய்வார்?" என்ற கேள்வி வரவே கூடாது.

ஒருவர் சம்மதித்த பிறகும் டிபிஎஸ் (குற்றப் பின்னணி) சோதனை, தற்போதைய பேராயரின் நிலைச் சான்று, மூன்று மாத நோட்டீஸ், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் இருக்கின்றன. சம்மதத்துக்கும் லைசென்சிங் ஆராதனைக்கும் நடுவே நான்கைந்து மாதம் போகும் என்று எல்லா ஊருக்கும் முன்பே சொல்லிவையுங்கள். பெயரைப் பொதுவில் அறிவிப்பது பேராயர் அலுவலகம் தரும் ஞாயிறன்றுதான். அவருடைய பழைய சபையிலும் அதே காலையில் வாசிப்பார்கள்.