ரெண்டு காதுலயும் காக்ளியர் இம்ப்ளான்ட், ஆனாலும் கூட்டத்துல பேச்சு புரியல

மழைச்சாரல்:
எல்லாருக்கும் வணக்கம். வலது காதுல சின்ன வயசுலயே இம்ப்ளான்ட் (கேக்கறதுக்காக ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கற கருவி) பண்ணியாச்சு, இடது காதுக்கு போன வருஷம்தான். வீட்ல ஒருத்தர் பேசினா வாயைப் பாக்காமலே புரியுது, க்ளினிக்ல டெஸ்ட் எடுத்தாலும் நல்ல ஸ்கோர்தான். ஆனா ஆபீஸ் கேன்டீன், கல்யாணப் பந்தி, பஸ் ஸ்டாண்ட்னு போனா பக்கத்துல இருக்கறவங்க பேசறதே ஒரே இரைச்சலா கலந்துடுது. ரெண்டாவது காதும் வந்துட்டா இது தீர்ந்துடும்னு நம்பி வீட்ல நகையை அடகு வச்சு செலவு பண்ணாங்க, இப்ப அம்மாகிட்ட சொல்லவே மனசு வரல. மேப்பிங் (கருவியோட சத்த அளவு செட்டிங்) மாத்தினா சரியாகுமா? நீங்கல்லாம் எப்படி சமாளிக்கறீங்க?

கடலோரம்:
எனக்கும் ரெண்டு பக்கமும் இருக்குமா. உங்க முயற்சில எந்தக் குறையும் இல்ல, அதை மனசுல இருந்து எடுத்துடுங்க. நல்லா கேக்கற காதுல ஒலியை நரம்புக்கு அனுப்பற உள்வரிசை மயிர்செல் மட்டும் சுமார் 3,500 இருக்கும், நம்ம இம்ப்ளான்ட்ல அதுக்குப் பதிலா நரம்பைத் தூண்ட கம்பெனியைப் பொறுத்து 12, 16 இல்லனா 22 எலக்ட்ரோடுதான், அதுலயும் ஒண்ணுல விடற கரண்ட் பரவி பக்கத்து எலக்ட்ரோடு இடத்தையும் தொட்டுடுது. அமைதியான ரூம்ல அந்த அளவு போதும், கூட்டத்துல போதாது. குரலோட சுருதியும் மங்கலாத்தான் வரும், அதனால ரெண்டு பேர் சேர்ந்து பேசினா யார் குரல் எதுன்னு பிரிக்கறது ரொம்ப கஷ்டம்.

செவிவழி:
நான் ஆடியாலஜிஸ்ட் (காது கேக்கற திறனை சோதிக்கற நிபுணர்). ரெண்டாவது இம்ப்ளான்ட்டோட பெரிய லாபம் தலையோட மறைப்புதான். சத்தம் ஒரு பக்கம் இருந்தா தலை அதைக் கொஞ்சம் தடுக்கும், சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கற காதுக்கு பேச்சு தெளிவா போகும், ஒரு இம்ப்ளான்ட் மட்டும் இருக்கறவங்களுக்கு அந்த இம்ப்ளான்ட் பக்கமே சத்தம் வந்தா இந்த வசதி இல்ல. ஆனா ரெண்டு காதுக்கும் ஒலி வந்து சேர்ற நுணுக்கமான நேர வித்தியாசத்தை வச்சு மூளை இரைச்சலை ஒதுக்கறது இம்ப்ளான்ட்ல பெரும்பாலும் கிடைக்கறதில்ல, ஏன்னா ரெண்டு ப்ராசஸரும் (காதுக்கு வெளில மாட்டற பகுதி) பொதுவா தனித்தனியாதான் ஓடுது. அதனால பேச்சும் சத்தமும் ஒரே திசைல வந்தா பலன் கம்மி. பந்தில ஓரத்து இலையா பாத்து உக்காருங்க, மேளமோ ஸ்பீக்கரோ ஒரு காதுப் பக்கம் இருக்கட்டும், பேச வேண்டியவங்க மறுபக்கம்.

அடுத்த தடவை க்ளினிக் போனா இரைச்சல் வச்சு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் ஒரே சத்த அளவா கேக்குதான்னும் பாக்கச் சொல்லுங்க. முன்னாடி இருந்து வர்ற பேச்சை அதிகமா பிடிக்கற மைக் செட்டிங் தனி ப்ரோக்ராமா கிடைக்கும். மைக் கவரை மாத்தி எவ்ளோ நாளாச்சு? எண்ணெயும் வியர்வையும் அடைச்சா முதல்ல அடிபடறது கூட்டத்துல கேக்கறதுதான், இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல.

ஆதிஅம்மா:
என் பையன் மூணாவது படிக்கறான், ரெண்டு காதும் இம்ப்ளான்ட். க்ளாஸ்ல ஃபேன் சத்தமும் பசங்க சத்தமும் சேர்ந்து ஒண்ணுமே போகாது, டீச்சர் கழுத்துல ரிமோட் மைக் (பேசறவர் குரலை நேரா ப்ராசஸருக்கு அனுப்பற வயர்லெஸ் மைக்) மாட்டினதுக்கப்புறம்தான் டிக்டேஷன் ஒழுங்கா எழுதறான். வீட்ல தினமும் கொஞ்ச நேரம் பழைய காது ப்ராசஸரைக் கழட்டிட்டு புதுக் காதுக்கு மட்டும் கதை சொல்லிட்டு இருந்தோம், அது தனியா பழகணும்னு தெரபிஸ்ட் விடாம சொன்னாங்க. உங்களுக்கு ஒரு வருஷம்தானே ஆகுது, அந்தக் காதுக்கு இன்னும் டைம் குடுங்கப்பா.

மழைச்சாரல்:
ரொம்ப நன்றி. இடது காதை நான் தனியா பழக்கவே இல்ல, இன்னைக்கே ஆரம்பிக்கறேன். கேன்டீன்ல ஆறேழு பேர் சுத்தி உக்காந்தா ரிமோட் மைக்கை யார்கிட்ட குடுக்கறது?

செவிவழி:
மேஜை நடுவுல வைக்கற மாதிரி மாடலும் இருக்கு, ஆனா கேன்டீன் இரைச்சல்ல பேசறவர் கைல இருந்தாதான் நல்லா கேக்கும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானா குரல் கிட்டத்தட்ட 6 டெசிபல் கூடும், எந்த மேப்பிங்கும் அதைக் குடுக்காது. வாங்கறதுக்கு முன்னாடி உங்க ரெண்டு ப்ராசஸருக்கும் அது சேருமான்னு கேட்டுக்கோங்க, பழைய பக்கத்துக்கு சில சமயம் தனி ரிசீவர் தேவைப்படும்.